சக்கிமங்கலத்து ரேவதி

மதுரை மாநகருக்குக் கிழக்கே, வையையாறு பாயும் சமவெளியில், சக்கிமங்கலம் என்னும் ஊர் உள்ளது. நெல்வயல்களும் கண்மாய்களும் பனைமரங்களும் செங்கற் சூளைகளும் அவ்வெளியில் ஆங்காங்கே காணப்படும். ஆற்றில் ஆண்டின் பல திங்கள் மணலே தோன்றும். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய்களும் வறண்டு வெடித்துக் கிடக்கும். நீர் உள்ளபோது வயல் வேலை, நீர் வற்றியபோது சூளை வேலை என இவ்விரண்டையே நம்பி வாழும் கூலி மக்கள் அப்பகுதியில் பலர். அத்தகைய எளிய குடும்பம் ஒன்றில் 1998ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 2ஆம் நாள் பிறந்தவர் ரேவதி. தந்தையார் பெயர் வீரமணி. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, ஜப்பான் நாட்டு டோக்கியோ நகரில் உலக நாடுகள் கூடிய ஒலிம்பிக் அரங்கில் இந்தியாவின் சார்பாக ஓடிய மகளிருள் இவரும் ஒருவர்.

ரேவதி அறியாப் பருவத்துச் சிறுமியாக இருந்தபோதே தந்தையார் வயிற்று நோயால் காலமானார். அத்துயர் ஆறுவதற்குள் மூளைக் காய்ச்சல் தாயாரையும் கொண்டு சென்றது. ரேவதியும் அவருடைய உடன்பிறந்த சகோதரியும் ஆதரவற்று நின்றனர். தாயைப் பெற்ற பாட்டியாரே அவ்விருவரையும் தம் குடிசையில் சேர்த்துக் கொண்டார். அவருக்கு நிலமில்லை, சேமித்த பொருளில்லை, வயதும் ஏறியிருந்தது. அன்றாடம் உழைத்தால்தான் அன்றாட உணவு என்னும் நிலை.

அம்மூதாட்டி வயலிற் கூலி வேலை செய்தார். செங்கற் சூளையிலும் வேலை செய்தார். செங்கல் வேலை இன்னதென்பதை நகரத்து மாணவர் பலர் கண்டறியார். மண்ணை வெட்டிக் குவித்து, நீர் விட்டு ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். பதமான மண்ணை அச்சிலிட்டுக் கல்லாக அறுத்து வரிசையாக வெயிலிற் பரப்புவர். ஒரு பக்கம் காய்ந்தபின் மறுபக்கம் திருப்பி வைப்பர். நன்றாகக் காய்ந்த கற்களைத் தலைச்சுமையாகச் சுமந்து சென்று சூளையில் அடுக்குவர். சூளைக்குத் தீ மூட்டி, வெந்து ஆறியபின் மீண்டும் அக்கற்களைத் தலையிற் சுமந்து வெளியேற்றுவர். இடையில் ஒரு மழை பெய்துவிட்டால் அறுத்த பச்சைக் கல்லெல்லாம் கரைந்து சேறாகும். அன்றைய உழைப்பும் அதனோடு போம். இளைஞர்க்கே இடுப்பொடிக்கும் இவ்வேலையை முதுமையில் செய்து இரு பிள்ளைகளை வளர்ப்பது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வறுமை மிக்க வீட்டிற்கு அறிவுரை சொல்வோர் எப்பொழுதும் மிகுதி. பெண்பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்புவதால் பயன் என்ன, அவர்களையும் வேலைக்கு அனுப்பினால் வீட்டிற்கு வருவாய் கிடைக்குமே என்று உறவினர் சிலர் பாட்டியாரிடம் கூறினர். அவர் எழுத்தறிவு பெற்றுப் பேசியவர் அல்லர். ஆயினும் உறுதியாக மறுத்துவிட்டார். பிள்ளைகள் படிக்கவே வேண்டும் என்பது அவர் முடிவு. ரேவதி பின்னாளில் வென்ற பதக்கங்களை எண்ணுவோர் இம்மறுப்பையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். அன்று அவர் இணங்கியிருந்தால் ரேவதியின் கால்கள் சூளை மண்ணை மிதித்திருக்கும், ஓடுபாதையை மிதித்திரா.

பள்ளியில் பயின்றபோது ரேவதி ஓட்டப் பந்தயங்களில் முந்தி வந்தார். பள்ளிக் கல்வியின் இறுதி ஆண்டில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் கண்ணன் அவரது ஓட்டத்தைக் கண்டார். முறையாகப் பயின்றிராத இப்பெண்ணின் காலில் இயல்பாகவே வேகம் இருப்பதை அவர் உணர்ந்தார். ரேவதியை முறையான பயிற்சிக்கு அனுப்புமாறு வேண்டினார். பாட்டியார் முதலில் இசையவில்லை. அதற்காக அவரைக் குறை கூறுதல் தகாது. பள்ளிக்கு அனுப்பியதற்கே ஊராரின் சொற்களைத் தாங்கியவர் அவர். வயது வந்த பெண்ணை ஊர் ஊராக ஓட்டப் பந்தயத்திற்கு அனுப்புவது என்றால் அவர் உள்ளம் அஞ்சாதா? பேருந்துக் கட்டணத்திற்கும் பொருள் வேண்டும். ஓடுபவர்க்கு நல்லுணவும் வேண்டும். இவையெல்லாம் எங்கிருந்து வரும் என்னும் கவலை நியாயமானதே.

கண்ணன் தளராமற் பேசி அம்மூதாட்டியின் மனத்தை மாற்றினார். வெறும் சொல்லால் மட்டும் மாற்றினார் அல்லர். மதுரையிலுள்ள லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்கு இடமும் விடுதியில் தங்கும் வசதியும் கிடைக்குமாறு செய்தார். அக்கல்லூரி அமெரிக்கப் பெண்மணி கேட்டி வில்காக்ஸ் என்பவரால் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மதுரையில் பெண்கள் உயர்கல்வி பெற வழிவகுத்த கல்லூரிகளுள் பழமையானது. விடுதியில் தங்கியதனால் படிப்பு, உணவு, பயிற்சி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்தன. 2016ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை கண்ணனிடம் ரேவதி பயின்றார்.

அந்நாளில் ரேவதி வெறுங்காலுடனே ஓடினார். கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிகளிலும் அவ்வாறே ஓடினார். 2016இல் கோயம்புத்தூரில் நடைபெற்ற தேசிய இளையோர் தடகளப் போட்டியிலும் காலணியின்றியே களமிறங்கினார். 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம். நால்வர் சேர்ந்து ஓடும் 100 மீட்டர் தொடரோட்டத்திலும் தங்கம். நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்தவர் நடுவே சக்கிமங்கலத்துப் பெண் மும்முறை மேடையேறினார்.

விரைவோட்டக்காரர் அணியும் காலணியின் அடியில் முன்பகுதியிற் சிறு முட்கள் பதிக்கப்பட்டிருக்கும். அதனை ‘ஸ்பைக்ஸ்’ என்று கூறுவர். அம்முட்கள் இரப்பர் போன்ற செயற்கைத் தளத்தைக் கவ்விப் பிடிப்பதால் கால் வழுக்காது. பின்னோக்கி உதைக்கும் விசை வீணாகாது முன்னோக்கிச் செலுத்தும். வெறுங்காலுக்கு இவ்வுதவி இல்லை. வெயிலிற் காய்ந்த செயற்கைத் தளம் பாதத்தைச் சுடும். வளைவில் திரும்புகையில் தோலை உரித்துவிடும். 1960இல் உரோமை நகரில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா காலணியின்றி ஓடி மாரத்தான் ஓட்டத்தில் தங்கம் வென்றதைப் பலர் எடுத்துக் கூறுவர். அவர் நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் இரண்டாம் முறை வென்றபோது காலணி அணிந்தே ஓடினார் என்பதைக் கூறுவோர் சிலரே. வெறுங்காலோட்டத்தைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. ரேவதியின் வெறுங்கால் பெருமைக்குரிய விரதம் அன்று. வாங்கப் பொருள் இல்லாமையே அதன் காரணம். கோயம்புத்தூர்ப் போட்டிக்குப் பின்னர், பயிற்சியாளரின் முயற்சியால் காலணி முதலிய பொருள்கள் அவருக்குக் கிடைத்தன.

2019ஆம் ஆண்டு ரேவதியின் வாழ்வில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பஞ்சாப் மாநிலத்துப் பாட்டியாலா நகரில் தேசிய விளையாட்டு நிறுவனம் உள்ளது. 1961இல் தொடங்கப் பெற்ற அந்நிறுவனம் பழைய அரண்மனை ஒன்றில் அமைந்தது. நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்க்கான பயிற்சி முகாம் அங்கே நடைபெற்றது. ரேவதி அம்முகாமிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வையைக்கரையின் வெப்பத்தில் வளர்ந்தவர் வட நாட்டுக் குளிரிலும், பழகாத உணவிலும், அறியாத மொழியிலும் வாழப் பழக வேண்டியதாயிற்று.

அங்கே 400 மீட்டர் ஓட்டத்திற்குப் பொறுப்பேற்றிருந்தவர் கலினா புக்காரினா என்னும் உருசியப் பெண்மணி. 1968இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் சோவியத்து நாட்டுத் தொடரோட்ட அணியில் ஓடி வெண்கலப் பதக்கம் பெற்றவர் அவர். ரேவதியின் ஓட்டத்தைக் கண்ட அவர், 100, 200 மீட்டர் ஓட்டங்களை விட்டு 400 மீட்டர் ஓட்டத்திற்கு மாறுமாறு அறிவுறுத்தினார். பழைய ஆசிரியரான கண்ணனும் அதற்கு உடன்பட்டார். மாணவர் தம்மிடம் கற்றதை வேறொருவர் மாற்றச் சொல்லும்போது மனமொப்பும் ஆசிரியர் எல்லாக் காலத்தும் அரியர்.

100 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்கு மாறுவது தொலைவைக் கூட்டுவது மட்டுமன்று. 100 மீட்டர் ஓடுபவர் வெடிச்சத்தம் கேட்டது முதல் இறுதிக் கோடு வரை தம் ஆற்றல் முழுவதையும் செலவிடலாம். 400 மீட்டர் ஓடுபவர் அவ்வாறு செய்தால் பாதியில் நின்றுவிடுவார். வேகமாக ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய அளவு உயிர்வளியை மூச்சினால் கொடுத்து முடிவதில்லை. உடல் தன்னிடமுள்ள சர்க்கரைப் பொருளை உயிர்வளியின் துணையின்றியே சிதைத்து ஆற்றலைப் பெறுகிறது. அதனால் தசைகளில் அமிலத்தன்மை மிகுகிறது. 300 மீட்டரைக் கடந்தவுடன் தொடைகள் கல்லாய்க் கனக்கும், கைகள் விறைக்கும், நெஞ்சு எரியும். எஞ்சிய 100 மீட்டரில் எவரும் வேகத்தைக் கூட்டுவதில்லை. குறையும் வேகத்தைப் பிறரினும் குறைவாகக் குறையவிடுபவரே முந்துகின்றார். தொடக்கத்தில் எவ்வளவு செலவிடுவது, முடிவுக்கென எவ்வளவு வைத்துக்கொள்வது என்னும் கணக்கை ஓடும்போதே கால்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே இவ்வோட்டத்தை மிகக் கடினமானது எனக் கருதி அஞ்சி ஒதுங்குவோர் பலர்.

ரேவதி அஞ்சவில்லை. அவ்வாண்டே இந்திய கிராண்ட் பிரீ என்னும் போட்டித் தொடரில் 400 மீட்டர் ஓடி ஒரு முறை 54.44 நொடியிலும், அடுத்த முறை 53.63 நொடியிலும் வெற்றி பெற்றார். புதிய தொலைவிற்கு மாறிய முதல் ஆண்டிலேயே இவ்வளவு செய்தது சிறப்பே. எனினும் அதன் அளவையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. 2018இல் அசாம் நாட்டு ஹிமா தாஸ் ஜகார்த்தாவில் 50.79 நொடியில் ஓடி இந்திய மகளிரின் சாதனையை நிறுவியிருந்தார். இருவர் கால அளவிற்கும் இடையே மூன்று நொடி அளவு வேறுபாடு உண்டு. அவ்வேகத்தில் ஓடுவோர்க்கு மூன்று நொடி என்பது இருபது மீட்டருக்கும் மிகுந்த இடைவெளியாகும்.

இதற்கிடையில் ஆடவரும் மகளிரும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடரோட்டம் ஒலிம்பிக்கில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஆடவர் இருவர், மகளிர் இருவர் என நால்வர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடவேண்டும். 2019இல் தோகா நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் இந்தியாவின் கலப்பு அணி இறுதிச் சுற்றுக்கு முன்னேறி ஏழாம் இடம் பெற்றது. அதனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிற்கு இடம் உறுதியாயிற்று. கேரளத்து முகம்மது அனஸ், விஸ்மயா, ஜிஸ்னா மாத்யூ, நோவா நிர்மல் டாம் ஆகியோர் ஈட்டித் தந்த இடம் அது. ரேவதி அந்த அணியில் இல்லை.

2020இல் நடைபெற வேண்டிய ஒலிம்பிக், கொரோனா நோய்த்தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அந்தத் தாமதம் ரேவதிக்கு நன்மையாயிற்றோ எனின், முதலில் அவ்வாறு தோன்றவில்லை. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. போட்டிகள் சிலவற்றில் அவரால் ஓட இயலவில்லை. ஓட்டக்காரருக்கு முழங்கால் நோவது, எழுதுபவருக்குக் கைவிரல் நோவது போன்றதன்று; அது நோய் மட்டுமன்றி, நாளும் வளரும் ஐயமும் ஆகும். காயம் ஆறி அவர் மீண்டும் ஓடத் தொடங்கியபோது ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன.

கலப்பு அணியில் ஓடும் மகளிர் யாவர் என்பதை முடிவு செய்யப் பாட்டியாலாவில் 2021 ஜூலை 4ஆம் நாள் ஒரு தேர்வோட்டம் நடத்தப்பட்டது. பல்லாண்டு உழைப்பின் பயன் ஒரு நிமிடத்திற்குள் தீர்மானமாக வேண்டிய ஓட்டம் அது. ரேவதி 53.55 நொடியில் ஓடி முதலாவதாக வந்தார். அவரோடு சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் ஆகிய இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவ்விருவரும் திருச்சிராப்பள்ளிப் பகுதியினர். ஆடவருள் ஆரோக்கிய ராஜீவும் அப்பகுதியினரே. முன்னர்க் கேரளத்தவர் நால்வர் ஓடிய அணியில் இம்முறை தமிழ்நாட்டவரே மிகுந்திருந்தனர்.

தொடரோட்டத்தில் ஓடுபவர் கையில் ஒரு கோல் இருக்கும். அது ஒரு சாண் நீளத்தைவிடச் சற்று மிகுந்த உள்துளையுடைய சிறு கோல். எடை 50 கிராமுக்குக் குறையலாகாது. ஒருவர் ஓடி முடித்தவுடன் அடுத்தவரிடம் அதனைக் கொடுத்தல் வேண்டும். கொடுக்கும் இடம் 20 மீட்டர் நீளமே உடையது. அவ்வெல்லைக்கு வெளியே கோல் கைம்மாறினால் அணி முழுவதும் விலக்கப்படும். நால்வருள் இரண்டாமவரின் பணி தனிச் சிக்கல் உடையது. முதலாமவர் தமக்குரிய தடத்திலேயே முழுச் சுற்றும் ஓடி முடிப்பார். இரண்டாமவர் முதல் வளைவு முடியும் வரை தம் தடத்தில் ஓடி, அதன்பின் உட்தடத்தை நோக்கி விலகலாம். எல்லா நாட்டவரும் ஒரே நேரத்தில் உட்புறம் நெருங்கும் இடம் அது. நெரிசலில் முழங்கை இடிக்கும், கால் இடறும், இடம் கிடைக்காதவர் வெளிப்புறமாகச் சுற்றி ஓடி வீணாகச் சில மீட்டர் செலவழிக்க நேரும். ரேவதிக்குக் கிடைத்தது அந்த இரண்டாம் இடமே.

2021 ஜூலை 30ஆம் நாள் இரவு டோக்கியோ அரங்கில் தகுதிச் சுற்று நடந்தது. நோய்த்தொற்றின் அச்சத்தால் பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை. பல்லாயிரம் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. அனஸ் முதலில் ஓடிக் கோலை ரேவதியிடம் தந்தார். ரேவதி ஒரு சுற்று ஓடிச் சுபாவிடம் சேர்த்தார். சுபா ஆரோக்கிய ராஜீவிடம் கொடுக்க, அவர் ஓடி முடித்தார். இந்திய அணி எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 19.93 நொடி. அச்சுற்றில் ஓடிய எட்டு அணிகளுள் இந்திய அணி எட்டாவதாக வந்தது. இறுதிப் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. மறுநாள் நடந்த இறுதிப் போட்டியில் போலந்து நாட்டவர் 3 நிமிடம் 9.87 நொடியில் ஓடித் தங்கம் வென்றனர்.

இவ்வெண்களை மறைத்து எழுதுவோரும் உண்டு. இவற்றைக் காட்டி எள்ளுவோரும் உண்டு. இரண்டும் முறையன்று. தோகாவில் இந்திய அணி இறுதிப் போட்டியில் எடுத்த நேரம் 3 நிமிடம் 15.77 நொடி, டோக்கியோவில் அதனினும் நான்கு நொடி மிகுந்தது. ஓராண்டுக்கு மேல் போட்டிகள் பல நின்றுபோனமையும், அணி புதிதாக அமைந்து நால்வரும் சேர்ந்து பழகக் கிடைத்த நாள் குறைவானமையும் அதற்குரிய காரணங்களுட் சில. உலகின் முதல்நிலை மகளிர்க்கும் நம்மவர்க்கும் உள்ள தொலைவு இன்னும் பெரிது என்பதும் உண்மை. அனஸும் ராஜீவும் ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 6ஆம் நாள், ஆடவர் தொடரோட்டத்தில் நோவா நிர்மல் டாம், அமோஜ் ஜேக்கப் ஆகியோருடன் ஓடி 3 நிமிடம் 0.25 நொடி என்னும் புதிய ஆசியச் சாதனையை நிறுவினர். ரேவதிக்கு டோக்கியோவில் அமைந்தது அந்த ஒரு சுற்று மட்டுமே.

டோக்கியோ செல்லுமுன்னரே ரேவதி தென்னக இரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் பணி பெற்றிருந்தார். அவர் சகோதரி சென்னையில் காவல்துறைப் பணியில் சேர்ந்திருந்தார். வேலைக்கு அனுப்புமாறு உறவினர் சொன்ன இரு பிள்ளைகளும் வேலைக்குத்தான் சென்றனர். பாட்டியார் குறித்த காலத்தில், படித்து முடித்தபின் சென்றனர்.